கைத்தன்மை அமீன்களும் மாற்றியமைக்கப்பட்ட நொதிகளும்: சேர்வராயன் மலை விளைபொருள்களை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: கைத்தன்மை, அமீன், நொதி, அமினோமாற்றி, சிட்டாகிளிப்டின், ஏற்காடு

முன்னுரை

சேலம் நகருக்கு அணித்தே எழும் சேர்வராயன் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் 1820களில் இங்குக் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். இன்றும் நிழல்மரங்களின் கீழ்க் காப்பியும், அம்மரங்களின்மேல் மிளகுக்கொடியும், ஊடே ஆரஞ்சும் விளைகின்றன. இம்மூன்று விளைபொருள்களின் வேதியியலை ஒப்பிட்டால் இக்கட்டுரையின் பொருள் எளிதில் விளங்கும்.

காப்பியின் கஃபீனும் மிளகின் பைப்பெரினும் நைட்ரசன் கொண்ட சேர்மங்கள். ஆயினும் அவற்றின் மூலக்கூறுகளில் இடம், வலம் என்னும் வேறுபாடு இல்லை. ஆடியில் தெரியும் உருவும் அதுவேதான். ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் மிகுந்துள்ள லிமோனீன் அவ்வாறன்று. அதற்கு இடவுரு, வலவுரு என இரண்டு உண்டு. ஆரஞ்சு அவற்றுள் ஒன்றையே பெரும்பாலும் படைக்கிறது. ஆனால் லிமோனீனில் நைட்ரசன் இல்லை. இவ்விரு பண்புகளும், அதாவது நைட்ரசனும் கைத்தன்மையும், ஒரே மூலக்கூறில் கூடும்போது அது கைத்தன்மை அமீன் எனப்படும். மருந்தாலைகளின் நெடுநாளைய தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

கைத்தன்மை

வலக்கையும் இடக்கையும் உறுப்புகளால் ஒத்தவை. எனினும் வலக்கையுறை இடக்கைக்குப் பொருந்துவதில்லை. நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன் அணுவுக்கும் இந்நிலையே. புதினாவின் மணத்துக்கும் சதகுப்பையின் மணத்துக்கும் காரணமான கார்வோன் ஒரே வாய்பாடு கொண்டது. இரண்டிலும் உள்ளவை ஒன்றுக்கொன்று ஆடியுருக்கள். மூக்கு அவற்றை இரு வேறு மணங்களாக உணர்கிறது. மணத்தை வாங்கும் ஏற்பிகள் புரதங்கள். அப்புரதங்களோ இடக்கை அமினோ அமிலங்களால் மட்டும் ஆனவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.இராமச்சந்திரனும் உடனாய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒவ்வாதிருப்பதற்கு இக்கைத்தன்மையே காரணம்.

மருந்தும் ஏற்பியோடு பொருந்தியே செயற்படுகிறது. காசநோய்க்குத் தரப்படும் எத்தாம்பியூட்டால் ஒரு கைத்தன்மை அமீன். அதன் ஓர் உரு நோய்க்கிருமியை அடக்குகிறது. அதன் ஆடியுருவோ ஏறக்குறையப் பயனற்றது. ஆகவே தூய உருவைத் தருவதே நோயாளிக்கு நன்மை. ஆனால் பொதுவான வேதிவினை இரண்டு உருக்களையும் சரிபாதியாகவே தரும். இதனைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘சுழிமாய்க் கலவை’ என்கின்றன. ஒளியின் சுழற்சி மாய்ந்துபோன கலவை என்னும் பொருளில் அமைந்த இச்சொல், ஒலிபெயர்ப்பாகவே நின்றுவிட்ட ‘கைரல்’ என்பதைவிடச் செறிவானது. இக்கலவையைப் பிரித்தெடுத்தால் விளைச்சல் பாதியைத் தாண்டாது. எஞ்சிய பாதி பெரும்பாலும் கழிவாகும்.

நொதியின் பழைய வழி

இத்துறையில் நொதியின் துணை புதியதன்று. 1921இல் நியூபெர்க், கிர்ஷ் என்னும் இருவர், நொதித்துக்கொண்டிருக்கும் ஈசுட்டுடன் பென்சால்டிகைடைச் சேர்த்தால் ஒருகைத்தன்மை கொண்ட ஓர் ஆல்ககால் உருவாவதைக் கண்டனர். 1930களில் ஜெர்மனியின் நால் நிறுவனம் அதனை எஃபிட்ரின் தயாரிப்புக்குப் பயன்படுத்தியது. ஈசுட்டு கைத்தன்மையை நிறுவும். பின்னர் வேதிவினை அமீனைச் சேர்க்கும். எஃபிட்ரின், சூடோஎஃபிட்ரின் ஆகிய கைத்தன்மை அமீன்களைத் தயாரிப்பதில் உலக அளவில் அறியப்பட்ட மல்லாடி நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. இராணிப்பேட்டையில் அதன் ஆலை உள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் அஞ்சு சாதாவின் ஆய்வுக்குழு கேண்டிடா பாராப்சிலோசிஸ் என்னும் ஈசுட்டின் முழுச்செல்களைக் கொண்டு சுழிமாய்க் கலவைகளை ஒருகை ஆல்ககால்களாக மாற்றிக் காட்டியுள்ளது.

எனினும் இவ்வழிகளில் நொதி இயற்கையில் கிடைத்தபடியே பயன்பட்டது. நொதி ஏற்கும் பொருளை வேதியியலார் தேடிச் சென்றனர்.

அமினோமாற்றி

குருதிச் சோதனைத் தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் பெயர்களைக் காணாதோர் குறைவு. கல்லீரலின் நிலையை அறிய அளக்கப்படும் இவ்விரண்டும் அமினோமாற்றிகள் என்னும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காப்பி இலையிலும் இதே குடும்பம் அமினோ அமிலங்களைப் படைக்கிறது. ஒரு மூலக்கூறிலிருந்து அமீனைக் கழற்றி மற்றொன்றுக்குச் சூட்டுவது இவற்றின் பணி. வைட்டமின் பி6இலிருந்து பெறப்படும் பிரிடாக்சால் பாஸ்ஃபேட் இடைநின்று இதனைச் செய்கிறது. கைமாற்றாக வாங்கியதை உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிடும் மனிதரைப் போல, அது அமீனைப் பெற்றுக் கீட்டோனுக்கு அளிக்கிறது. கீட்டோன் நொதியின் பைக்குள் ஒரே பக்கமாகத்தான் கிடக்க இயலும். ஆதலின் அமீன் ஒரு பக்கத்திலிருந்தே சேரும். ஒருகை உருவே விளையும். கோட்பாட்டளவில் கீட்டோன் முழுவதும் வேண்டிய உருவாக மாறலாம். பாதியை இழக்க வேண்டியதில்லை.

சிட்டாகிளிப்டின்

இரண்டாம் வகை நீரிழிவுக்கான சிட்டாகிளிப்டின் 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனைத் தயாரிக்க மெர்க் நிறுவனம் முதலில் ரோடியம் வினையூக்கியையும் ஏறத்தாழ 17 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரசனையும் கையாண்டது. விளைபொருளில் கைத்தூய்மை 97 விழுக்காடே இருந்தது. மீண்டும் தூய்மையாக்கவும், ஒட்டியிருந்த ரோடியத்தை நீக்கவும் தனிப் படிகள் தேவைப்பட்டன.

கோடெக்சிஸ் நிறுவனமும் மெர்க்கும் இணைந்து ஆர்த்ரோபாக்டர் என்னும் பாக்டீரிய வகையைச் சார்ந்த ஓர் அமினோமாற்றியை எடுத்துக்கொண்டன. சிட்டாகிளிப்டினின் மூலக் கீட்டோனிடம் அது சிறிதும் வினைபுரியவில்லை. அந்நொதியின் பையில் ஒரு புறம் அகன்றது. மறு புறம் மெத்தில் தொகுதிக்கு மேல் இடம் தராத அளவு சிறியது. வினையே இல்லாத நொதியில் எதனை மேம்படுத்துவது? ஆய்வாளர் இதற்குக் கண்ட வழி நுட்பமானது. கீட்டோனின் ஒரு முனையில் உள்ள ஃபுளோரின் ஏற்ற வளையத்தை வெட்டி, மெத்தில் தொகுதியோடு நிற்கும் குறும்படிவம் ஒன்றைச் செய்தனர். அதனை நொதி அற்பமாக ஏற்றது. 223ஆம் இடத்துச் செரினைப் புரோலினாக மாற்றியபோது வினைத்திறன் 11 மடங்காயிற்று. அகன்ற புறம் இவ்வாறு சீராக்கப்பட்ட பின், சிறிய புறத்தையும் விரிவாக்கினர். அப்போதுதான் முழுக் கீட்டோனிடம் வினை முதன்முறையாகத் தென்பட்டது.

அடுத்து நிகழ்ந்தது நெறிப்படுத்திய படிமலர்ச்சி. மரபணுவில் மாற்றங்களை விளைவித்து, ஆயிரக்கணக்கான திரிபுகளைச் சோதித்து, சிறந்ததை அடுத்த சுற்றுக்கு விதையாக்கும் முறை இது. இதற்காகவே பிரான்சஸ் அர்னால்டு 2018இல் வேதியியல் நோபெல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார். இறுதி நொதியில் 27 மாற்றங்கள் இருந்தன. இவ்வெண்ணே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. உண்மையில் கடினமான பகுதி முன்கூறிய வெட்டும் முதற் படியே, ஏனையது பொறுமை.

பொறுமைக்கும் காரணம் உண்டு. மருந்தாலையின் கலன் உயிர்ச்செல் அன்று. கீட்டோன் நீரில் நன்கு கரையாததால் பாதியளவு டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் கரைப்பான் தேவை. 45 பாகை வெப்பம் வேண்டும். அமீனை அளிக்கும் ஐசோபுரோப்பைல் அமீன் மிகுதியாகச் சேர்க்கப்படும். பெரும்பாலான புரதங்கள் இச்சூழலில் குலைந்துவிடும். மேலும் இவ்வினை இருபுறமும் ஓடக்கூடியது. ஐசோபுரோப்பைல் அமீன் அமீனை இழந்தால் அசிட்டோனாகும். எளிதில் ஆவியாகும் அதனை அவ்வப்போது வெளியேற்றியே வினையை முன்னோக்கி இழுக்க இயலும். இத்தனையையும் தாங்கும் நொதி, ஒரு லிட்டருக்கு 200 கிராம் கீட்டோனை 6 கிராம் நொதியளவில் மாற்றியது. கைத்தூய்மை 99.95 விழுக்காட்டுக்கும் மேல். 2010இல் சயின்ஸ் இதழில் வெளியான கட்டுரையின்படி, பழைய முறையைவிட விளைச்சல் 10 முதல் 13 விழுக்காடும், நாளொன்றுக்கான உற்பத்தித்திறன் 53 விழுக்காடும் உயர்ந்தன. கழிவு 19 விழுக்காடு குறைந்தது. கன உலோகம் முற்றும் நீங்கியது. கழிவு முழுவதும் ஒழியவில்லை என்பதும், கரைப்பான் இன்னும் வேதியாலையுடையதே என்பதும் கருதத்தக்கவை.

மருந்தும் மக்களும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிடுகிறது. சிட்டாகிளிப்டின் மூலக்கூறின் இந்தியக் காப்புரிமை 2022 ஜூலையில் முடிவுற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரைகள் பத்து 60 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. மூலக்கூறின் காப்புரிமை வேறு. அதனைப் படைக்கும் நொதியின், செய்முறையின் காப்புரிமை வேறு. முன்னது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மாத்திரையைச் செய்யலாம். ஆனால் அதனை எத்துணைக் கழிவோடும் எவ்வளவு உலோகத்தோடும் செய்வது என்பதைப் பின்னதே தீர்மானிக்கும். தமக்கென ஓர் அமினோமாற்றியைப் படிமலர்த்தும் ஆய்வகம், வேறொருவர் நொதிக்கு உரிமம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.