ஞாயிற்றுக்கிழமை நிறையும் தங்கவயல்

கோலார் தங்கவயலில் வேலை நாட்களில் விடியும் முன்பே ஊர் காலியாகத் தொடங்கிவிடும். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரெயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகிறது. கையில் சாப்பாட்டு டப்பா. தோளில் பை. போகிறவர்களில் தையல் பாக்டரிப் பெண்கள் உண்டு, கட்டட வேலைக்காரர்கள் உண்டு, கணக்கெழுதும் பட்டதாரிகளும் உண்டு. போக வர 200 கிலோ மீட்டர். இரவு வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஊர் முழுசாக இருக்கும் நாள். அதனால் எல்லாக் காரியமும் அந்த ஒரு நாளில் வந்து குவிகிறது. நிச்சயதார்த்தம், காதுகுத்து, சீட்டு எடுப்பது, பழைய தொழிலாளர்களின் கூட்டம், பையன்களின் பந்தாட்டம் எல்லாம் அன்றுதான். கருமாதியைக் கூட ஞாயிறு பார்த்து வைக்கிறார்கள். ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் நிற்க இடம் இருக்காது. சாம்பியன் ரீப் மாதா கோவிலில் பூசை முடிந்து வருகிறவர்கள் வாசலிலேயே நின்று ஒரு வாரத்துச் செய்தியைப் பேசித் தீர்க்கிறார்கள்.

சங்கு ஊதிய காலம்

இந்த ஊருக்கு எப்போதுமே இப்படி ஒரு நாள்தான் சொந்தமாக இருந்தது என்று சொல்ல முடியாது. சுரங்கம் ஓடிய காலத்தில் சங்குதான் ஊரின் கடிகாரம். சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு இறங்கும், ஒரு ஷிப்டு ஏறும். அப்பா இரவு ஷிப்டு போனாலும் பகலில் வீட்டில் இருப்பார்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரெயில் வந்தது. அன்றைய பவுரிங்பேட்டைதான் இன்றைய பங்காருப்பேட்டை. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 90 மைல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூருக்கு மின்சாரம் வந்தது 1905-ல்தான். இன்று பெங்களூர் வெளிச்சத்தைத் தேடிப் போகிற ஊர், ஒரு காலத்தில் பெங்களூருக்கு முன்பே வெளிச்சம் கண்ட ஊர்.

அந்த வெளிச்சமும் வசதியும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாவுக்கும் கிளப்புக்கும்தான் முதலில் போய்ச் சேர்ந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வீடு. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். ஊரில் கூலியாக இருந்ததைவிட இங்கே மாதச் சம்பளம் வாங்குவது மேல் என்று வந்தவர்கள்.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. கீழே பாறையே கொதிக்கும். பாறை வெடித்துச் சரிவதை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். அந்த அதிர்ச்சி மேலே வீடுகளிலும் தெரியும். உடனே பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஷாப்டு வாசலுக்கு ஓடுவார்கள். தப்பியவர்களில் பலரைப் பிறகு கல் தூசி பிடித்துக்கொண்டது. 'சிலிகோசிஸ்' என்ற அந்த ஆங்கிலச் சொல், லைன் வீடுகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த சொல்.

கைரேகையும் பத்திரிகையும்

1930-ல் தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்ய நிர்வாகம் உத்தரவு போட்டது. குற்றவாளியைப் போல ரேகை வைப்பதா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் சுமார் 3 வாரம் நடந்தது. இன்றைய கூட்டங்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்கும் இந்த ஊரில் ஒரு மறுபிறப்பு உண்டு. பண்டிதர் 1914-ல் காலமானார். பின்னர் 1926-ல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதை நடத்தினார். மாரிக்குப்பத்தில் பண்டிதர் காலத்திலேயே பவுத்த சங்கம் இருந்தது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் இரவில் விளக்கடியில் பத்திரிகை படித்து விவாதித்த ஊர் இது.

விஞ்ஞானிகளும் இங்கே இறங்கியிருக்கிறார்கள். 1965-ல், 2 கிலோ மீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். அந்தக் கருவிகள் இறங்கிய வழியும் சுரங்கத் தொழிலாளி இறங்கிய அதே வழிதான்.

மூடிய பிறகு

1956-ல் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது. பிறகு மத்திய அரசிடம் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. மறுநாள் போக வேண்டிய ஷிப்டு இல்லை. ரெயில்தான் இருந்தது.

சுரங்கம் மூடிய ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்று அதே ரெயிலில் போகிறார்கள். சயனைடு மேடுகள் அவர்களுக்கு ஏறி விளையாடிய குன்றுகள். தாத்தா எந்த ஷாப்டில் இறங்கினார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கேட்க ஆள் வீட்டில் இருப்பது வாரத்தில் ஒரு நாள்தான்.

பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் பழைய சம்பளச் சீட்டும், ஷிப்டு டோக்கனும், மஞ்சளேறிய குழுப் படமும் கிடக்கின்றன. படத்தில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். பெயர்களைப் படத்தின் பின்பக்கம் எழுதி வைக்க ஒரு பென்சில் போதும். வெள்ளைக்காரக் கம்பெனி தன் கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போனது. தொழிலாளியின் கணக்கு அவன் வீட்டில்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறும் விசேஷங்கள் இருக்கும். சாப்பாட்டுப் பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போடும் நேரத்தில், பையன்கள் போனை மடியில் வைத்துவிட்டு, "தாத்தா, நீங்க எந்த ஷாப்டு?" என்று ஆரம்பித்தால் போதும். மற்றதை அவர்களே சொல்வார்கள். திங்கட்கிழமை ரெயிலில் பேசிக்கொண்டு போக விஷயமும் கிடைக்கும்.