பந்தி விசாரிப்பு: அன்றும் இன்றும்

மதுரைப் பக்கத்துக் கல்யாணங்களில் முன்பெல்லாம் பந்தி விசாரிக்கவென்றே ஒரு பெரியவர் இருப்பார். பெரும்பாலும் தாய்மாமன் அல்லது சித்தப்பா. வாளியோ கரண்டியோ அவர் கையில் இருக்காது. தோளில் துண்டோடு வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். “ஏப்பா, சம்பந்தி வீட்டு இலையப் பாரு, கூட்டு காலி.” “அப்பத்தாவுக்குச் சோத்தக் கொழைய வையி.” கேட்கும் முன்பே இலைக்கு வந்து சேரும்.

வீட்டு வாசலில் பந்தல், தரையில் பந்திப்பாய், நுனி இடப்பக்கம் வரும்படி வாழையிலை. முதலில் உப்பும் ஊறுகாயும். அடுத்து பச்சடி, கூட்டு, பொரியல். சோறு விழுந்ததும் பருப்பும் நெய்யும். பிறகு சாம்பார், புளிக்குழம்பு, ரசம், பாயசம், கடைசியாக மோர். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வரும்வரை மோர் வாளி காத்திருக்கும். வரிசை முழுவதும் முடிக்காமல் எவரும் எழ மாட்டார்கள். வீட்டுக்காரர்கள் உட்காருவது கடைசிப் பந்தியில்.

ஜப்பானில் தேநீர்ச் சடங்கோடு வளர்ந்த கைசெகி விருந்தும் இப்படித்தான். பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அழைத்தவரே கொண்டுவந்து வைப்பார். விருந்தாளிகளோடு அமர்ந்து சாப்பிட மாட்டார். ஆனால் அங்கே விருந்தாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இங்கே ஊரே உட்காரும்.

ஊர் என்றால் எல்லோரும் அல்ல. சாதி பார்த்துத்தான் பந்தி. நாட்டு விடுதலையைப் பேசிய வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்திலேயே பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதுதான் 1920-களில் பெரும் சண்டையானது. ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் பொது விருந்து நடத்தும் வழக்கத்துக்குப் பின்னால் அந்தக் கதையெல்லாம் இருக்கிறது.

இன்று மண்டபம். மேசையில் பேப்பர் ரோல், அதன்மேல் இலை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். நாம் உட்காரும் முன்பே இனிப்பும் பொரியலும் இலையில் ஆறிக்கொண்டிருக்கும். சப்பாத்தி குருமா, வெஜ் பிரியாணி, ஐஸ்கிரீம் என்று வகைகள் கூடிவிட்டன. சீருடைப் பையன்கள் ஓடி ஓடிப் பரிமாறுகிறார்கள். யார் பக்கத்தில் யார் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. வீட்டுப் பெண்களுக்கும் அடுப்படியிலிருந்து விடுதலை. இதெல்லாம் லாபம்தான். ஆனால் ரசம் கேட்டுத் திரும்பினால், அடுத்த பந்திக்காரர் நம் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். வீட்டுக்காரர் மேடையில் போட்டோவுக்கு நிற்கிறார்.

பழைய விசாரிப்பைப் பார்க்க, மீனாட்சி திருக்கல்யாண நாளில் மதுரை சேதுபதி பள்ளிக்குப் போகலாம். 1904-இல் பாரதி வேலை பார்த்த பள்ளி. முதல் நாள் இரவே காய் நறுக்க மக்கள் தாமாக வந்து உட்காருகிறார்கள். பல்லாயிரம் பேருக்கு விருந்து. சாப்பிட்டவர்களில் பலர் மொய்யும் எழுதுகிறார்கள். கல்யாணம் மீனாட்சிக்கு; ஆகவே நறுக்குகிறவர், பரிமாறுகிறவர், உண்கிறவர் எல்லோரும் பெண் வீட்டார். சாதி கேட்கவும் ஆளில்லை, கவனிப்புக்கும் குறைவில்லை.

பரிமாறக் கூலிக்கு ஆள் கிடைக்கும். விசாரிக்க வீட்டாள்தான் வேண்டும். இலைக்கு இவ்வளவு என்று கேட்டரிங்காரரிடம் பேசி முடிக்கும்போதே, பந்திக்கு ஒருவர் என்று நம் பக்கத்து ஆட்களையும் குறித்துக்கொண்டால் போதும். அதற்குத் தனிச்செலவு ஏதுமில்லை.