சுவரின் காலில் ஓதம்

தரையோரப் பட்டை பதிப்பது ஒரு நாள் வேலை. இடக்கொச்சியில் அதை நிலைக்க வைப்பதுதான் பெரும்பாடு.

கடலின் ஏற்றத்துக்கும் சுவரில் ஏறும் ஈரத்துக்கும் தமிழில் ஒரே பெயர்: ஓதம். கொச்சி மாநகராட்சியின் தென்கோடியில், காயலை ஒட்டிக் கிடக்கும் இடக்கொச்சியில் இது வெறும் சொல் பொருத்தம் அல்ல. மழை ஓய்ந்த மாதங்களில்கூட, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காயல் பொங்கித் தோடுகள் வழியே தாழ்வான முற்றங்களிலும் வீடுகளிலும் புகுகிறது. மலையாளிகள் இதை 'வேலியேற்றம்' என்கிறார்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். உப்பு இறங்குவதில்லை.

இதில் முதலில் அடிபடுவது, தரையும் சுவரும் சேரும் இடத்தில் பதிக்கும் பட்டை. கொத்தனார்களுக்கு அது 'ஸ்கர்ட்டிங்'. வழக்கமாக 4 முதல் 6 அங்குல உயரம். துடைப்பமும் ஈரத்துணியும் படும் இடத்தில் சுவர் அழுக்காகாமல் காப்பதும், தரைக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள இடைவெளியை மறைப்பதும் அதன் வேலை. மறைப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

செங்கல்லும் வெட்டுக்கல்லும் நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றில் உப்புநீர் ஏறுகிறது. நீர் ஆவியானதும் தங்கும் உப்பு படிகமாகி, பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. அந்த உப்பே காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுவதால் சுவர் எளிதில் காய்வதில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தை மறைக்க டைல்ஸ் பட்டை ஒட்டுகிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் பட்டைக்கு மேலே ஏறி அடுத்த கறையைப் போடுகிறது. பட்டையை உயர்த்தினால் கறையும் உயர்கிறது.

மரப்பட்டையின் கதை இன்னும் மோசம். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஒருமுறை நனைந்தாலே உப்பிவிடும். நல்ல மரமானாலும், பின்புறம் ஈரம் தங்கினால் கரையானுக்கு விருந்துதான்.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். கறை தெரியும் உயரத்துக்கும் மேலே சுமார் ஓர் அடிவரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைத் துலக்கி, சுவரை நன்றாக உலரவிட வேண்டும். கல்லிலோ டைலிலோ பட்டை பதிப்பதானால் பின்னால் வெற்றிடம் விடாமல் கலவையை நிரப்ப வேண்டும். தரையோடு சேரும் கோட்டில் சிலிக்கான் அடைப்பு நல்லது. மரமோ பிளாஸ்டிக்கோ ஆனால் ஆணி சுவரில்தான் இறங்க வேண்டும், தரையில் அல்ல. லேமினேட் தரை விரியவும் சுருங்கவும் ஓரத்தில் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. மூலையில் இரு பட்டைகளையும் 45 டிகிரியில் அறுப்பது வழக்கம். ஆனால் பழைய வீடுகளின் மூலைகள் சரியாக 90 டிகிரியில் இருப்பது அபூர்வம். மூலையை அளந்து, அதில் பாதியை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பழைய கொச்சி இந்த ஈரத்தோடு வாழக் கற்றிருந்தது. போர்த்துக்கீசியர் 1555இல் கட்டித்தந்து, டச்சுக்காரர்கள் 1663இல் புதுப்பித்த மட்டாஞ்சேரி அரண்மனையின் தரை, பளபளக்கும் கருப்புப் பளிங்கு போலத் தெரியும். உண்மையில் அது எரித்த சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டை வெள்ளைக்கரு கலந்த கலவை என்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைச் சிறைப்பிடிக்காது; வெளியே விட்டுவிடும். அப்படிப்பட்ட பழைய சுவர்களின் காலில் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டுவது, மூச்சுவிடும் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

புது வீடு கட்டுகிறவர்களுக்குத் தீர்வு அஸ்திவாரத்திலேயே இருக்கிறது: அடித்தளத்தை உயர்த்துவது, அதன் மேல் ஈரத்தடுப்புப் படலம் போடுவது. கட்டி முடித்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. தூர்ந்த தோடுகள் சீராகாதவரை மாதம் இரண்டு முறை காயல் வாசலுக்கு வரும். ஆறு அங்குலப் பட்டையால் அதை நிறுத்த முடியாது.