விண்வெளி வீரர் மேடையேறும்போது: கிறிஸ் ஹாட்ஃபீல்டின் உரை கற்பிப்பது என்ன?

விண்வெளிக்குச் சென்று திரும்பியவர்கள் பொதுமக்கள் முன் ஆற்றும் உரைகள், அவர்கள் கண்டு வந்த காட்சிகளின் அழகுக்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றன. எனினும், அவ்வுரைகள் கேட்பவரிடம் விளைவிக்கும் ஊக்கத்தின் வேர், ஆபத்து நிறைந்த ஒரு பணியை மனிதர் எவ்வாறு படிப்படியாகக் கற்றுத் தேர்கின்றனர் என்னும் விளக்கத்தில்தான் உள்ளது. கனடாவின் விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட், 2014 மார்ச் மாதம் வான்கூவர் நகரில் நடைபெற்ற ‘டெட்’ (TED) என்னும் உரை மாநாட்டில் ஆற்றிய உரை இதற்குத் தெளிவான சான்றாகும்.

1959-ஆம் ஆண்டு பிறந்த ஹாட்ஃபீல்ட், 1969 ஜூலையில் நிலவில் மனிதர் கால் பதித்ததைத் தொலைக்காட்சியில் கண்டபோது பத்து வயது நிரம்பாத சிறுவர். அன்று கனடாவுக்கென விண்வெளி வீரர் எவரும் இல்லை. அந்நாட்டின் முதல் வீரர் மார்க் கார்னோ விண்ணுக்குச் சென்றதே 1984-இல்தான். வழியே இல்லாத காலத்தில் விண்வெளி வீரராகும் இலக்கை வகுத்துக்கொண்ட ஹாட்ஃபீல்ட், விமானப்படை விமானியாகவும் புதிய விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் சோதனை விமானியாகவும் பயின்று, 1992-இல் 5,330 விண்ணப்பதாரர்களிலிருந்து தெரிவான நால்வரில் ஒருவரானார். 1995, 2001, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை விண்வெளிக்குப் பயணமானார்.

கண்ணீர் ஏன் வழிவதில்லை?

உரையின் மையம், 2001 ஏப்ரலில் அவர் மேற்கொண்ட விண்வெளி நடையாகும். விண்கலத்துக்கு வெளியே, காற்றும் அழுத்தமும் உள்ளடங்கிய காப்புடை அணிந்து செய்யும் பணியே விண்வெளி நடை எனப்படுகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், 17 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ‘கனடார்ம்-2’ என்னும் இயந்திரக் கையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, அவருடைய இடக்கண்ணில் கடும் எரிச்சல் உண்டாகிப் பார்வை மறைந்தது; சற்று நேரத்தில் வலக்கண்ணும் மறைந்தது.

இதன் காரணத்தை அறிய, எடையின்மை என்னும் நிலையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நிலையம் சுற்றிவரும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருக்கிறது. ஆனால் நிலையமும் அதிலுள்ள அனைத்தும் புவியை நோக்கி ஒருசேர விழுந்தவாறே அதைச் சுற்றி வருவதால், எடை உணரப்படுவதில்லை. எடை உணரப்படாத இடத்தில் கண்ணீர் கீழே வழியாது. நீரின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பரப்பைச் சுருக்கும் பரப்பு இழுவிசையால், அது கண்ணின் மேலேயே திரண்டு நிற்கும். அவ்வாறு திரண்ட நீர் மூக்கின் மேற்புறத்தைக் கடந்து மறுகண்ணையும் அடைந்ததே இரு கண்களும் மறைந்ததற்குக் காரணம். தலைக்கவசக் கண்ணாடியில் ஆவி படியாமல் தடுக்கப் பூசப்பட்ட திரவமே எரிச்சலை உண்டாக்கியது எனப் பின்னர் அறியப்பட்டது.

அச்சமும் ஆபத்தும்

அந்நிலையில் அவர் கலங்காமல் பணியைத் தொடர முடிந்தது எவ்வாறு என்பதே உரை எழுப்பும் தலையாய கேள்வி. ஹூஸ்டனில் உள்ள, 12 மீட்டர் ஆழமான பயிற்சித் தொட்டியில், மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கும் வகையில் உடையின் எடையைச் சமப்படுத்திக்கொண்டு வீரர்கள் ஒவ்வோர் அசைவையும் பழகுகின்றனர். உடன் பணியாற்றுபவர் செயலிழந்தால் அவரை உள்ளே கொண்டு சேர்ப்பதும் அப்பயிற்சியில் அடங்கும். இத்தகைய பயிற்சியும், அருகில் துணைவர் இருக்கிறார் என்ற அறிவும், தரைக்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டலும் சேர்ந்தே அவரை நிதானத்தில் நிறுத்தின.

பயிற்சி அச்சத்தை எவ்வாறு போக்குகிறது என்பதை விளக்க, அவர் சிலந்தியை எடுத்துக்காட்டுகிறார். வாழும் பகுதியில் எந்தச் சிலந்திக்கு உண்மையில் கொடிய நஞ்சு உண்டு என்பதை அறிந்துகொண்டு, ஏனையவற்றின் வலைகளுக்குள் வேண்டுமென்றே பலமுறை நடந்தால், அச்சம் நீங்கிவிடும் என்கிறார். ஆபத்து என்பது வெளியே உள்ள நிலை; அச்சம் என்பது அதற்கு மனம் தரும் எதிர்வினை; இரண்டும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதே வேளையில், 1995-இல் தாம் முதன்முறை சென்ற விண்ணோடப் பயணத்தில் பேரழிவு நேரும் வாய்ப்பு 38-இல் 1 என மதிப்பிடப்பட்டதை அவர் அவையினரிடம் மறைக்கவில்லை.

கேட்போருக்குரிய பயன்

இத்தகைய விளக்கத்தை அவர் விண்வெளியிலிருந்தே அளித்ததும் உண்டு. 2013 ஏப்ரலில், நிலையத்தின் தளபதியாக இருந்த ஹாட்ஃபீல்ட், ஈரத்துணியை அங்கே பிழிந்தால் என்ன நேரும் என்னும் சோதனையைச் செய்து காட்டினார். பிழியப்பட்ட நீர் சொட்டாமல் துணியையும் கைகளையும் சுற்றிப் படர்ந்தது. கண்ணீரைக் கண்ணில் நிறுத்திய பரப்பு இழுவிசையே இங்கும் செயல்பட்டது. அச்சோதனையை வடிவமைத்தவர்கள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் பள்ளி மாணவியர் இருவர்.

பொதுமக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் விண்வெளிப் பயணத்தின் அறிவு, அவர்களுக்குப் புரியும் மொழியில் திரும்பிச் சேர வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பாகும். வீரரின் துணிவை மட்டும் போற்றும் உரை, கேட்பவரை அவரிடமிருந்து தொலைவில் நிறுத்துகிறது. துணிவு எவ்வாறு பயிற்சியால் உருவானது என்பதை அறிவியல் காரணங்களோடு விளக்கும் உரையோ, விண்வெளிக்கு ஒருபோதும் செல்லப்போகாதவரும் தம் தொழிலிலும் கல்வியிலும் கையாளத்தக்க ஒரு வழிமுறையை அவருக்கு அளிக்கிறது. எனவே, அத்தகைய உரைகள் நிகழும் அவைகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், வீரரிடம் ‘எப்படி’ என்று கேட்கும் கேள்விகளை மாணவர்கள் முன்னரே வகுத்துக்கொள்ளத் துணைநிற்பது மிகுந்த பயன் தரும்.