காய்ந்த நுட்பம், கனிந்த கற்பனை

நுழையும்முன்

கோடை விடுமுறைக்கு நெடுந்தூர இரயிலில் ஊருக்குச் செல்லும்போது ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். பெட்டியில் இருப்பவை ஒன்றிரண்டு மின்னேற்றும் முனைகளே. அவற்றைச் சுற்றிக் காத்திருக்கும் கைப்பேசிகளோ பல. எவ்வளவு ஒளிமிக்க திரையாயினும், மின்கலம் ஓய்ந்துவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டுதான். கையில் எடுத்துச் செல்லும் எந்தக் கருவிக்கும் இதுவே முதற்சிக்கல். இச்சிக்கலை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு, எளிய பொருள்களைக் கொண்டு அரிய விடைகளைக் கண்டவர்கள் ஜப்பானின் விளையாட்டுக் கருவி வடிவமைப்பாளர்கள். அவர்களுள் முதன்மையானவர் குன்பேய் யோகோய். அவரையும், அவர் காலத்தையொட்டி ஜப்பானில் தோன்றிய சில விந்தையான கையடக்கக் கருவிகளையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

சீட்டு அச்சிட்ட நிறுவனம்

ஜப்பானின் பழைய தலைநகரமான கியோட்டோவில் 1889-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம் நின்டெண்டோ. தொடக்கத்தில் அது செய்த பொருள், மலர்ப் படங்கள் வரையப்பட்ட ‘ஹனாஃபுதா’ என்னும் சீட்டுக்கட்டு. மின்னணுவியல் பயின்ற யோகோய் 1965-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்த வேலை சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பேணுவதாகும்.

ஓய்வு நேரத்தில் அவர் தம் மகிழ்ச்சிக்காக ஒரு பொம்மை செய்தார். குறுக்குச் சட்டங்கள் கோத்த அக்கருவியின் பிடியை அழுத்தினால், அது நீண்டு சென்று தொலைவிலுள்ள பொருளைப் பற்றும். நிறுவனத் தலைவர் ஹிரோஷி யாமாவுச்சி அதைக் கண்டார். கடிந்துகொள்வதற்கு மாறாக, அதனை விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்னும் பெயரில் 1966-இல் வெளிவந்த அப்பொம்மை பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. இயந்திரம் பேண வந்தவர் பொம்மை வடிவமைப்பாளரானார்.

தொடர்வண்டியில் பிறந்த எண்ணம்

1970-களின் பிற்பகுதியில் ஒருநாள் யோகோய் ‘ஷின்கான்சென்’ அதிவேகத் தொடர்வண்டியில் பயணம் செய்தார். அருகிலிருந்த அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் தம் கணிப்பானின் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தார். பெரியவர்களும் பிறர் அறியாமல் விளையாடுவதற்கு ஏற்ற சிறுகருவி ஒன்று இருந்தால் என்ன என்ற எண்ணம் யோகோய்க்கு அப்போது தோன்றியது.

அக்காலத்தில் ஷார்ப், காசியோ முதலிய நிறுவனங்கள் கணிப்பான் விற்பனையில் கடும்போட்டி நடத்திவந்தன. அதனால் கணிப்பானின் திரவப் படிகத் திரையும் சில்லும் மிகவும் மலிந்துவிட்டன. புதுமை வேட்கை கொண்டோர் அவற்றைப் பழம்பொருள் எனக் கருதத் தொடங்கிய வேளையில், யோகோய் அவற்றைக் கையில் எடுத்தார். 1980 ஏப்ரலில் ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையின் முதற்கருவியான ‘பால்’ வெளிவந்தது. அது விளையாட்டுக் கருவி. விளையாடாத நேரத்தில் கடிகாரம்.

அதன் செயல்முறை எளியது. கணிப்பானில் 8 என்னும் எண்ணை உற்று நோக்குங்கள். அது ஏழு சிறு கோடுகளால் ஆனது. எந்தக் கோடுகளுக்கு மின்சாரம் செல்கிறதோ அவை மட்டும் கருமையாகித் தெரியும். யோகோய் அக்கோடுகளுக்கு மாறாகப் பந்தின் உருவங்களையும் மனிதனின் கை நிலைகளையும் திரையில் முன்னதாகவே அமைத்தார். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும்போது பந்து பறப்பதாக நம் கண் கொள்கிறது. இத்தகைய திரை தானே ஒளி உமிழ்வதில்லை. புறத்தே உள்ள ஒளியை மறைத்தும் விடுத்தும் உருவம் காட்டுகிறது. ஆகவே, சட்டைப் பொத்தான் அளவிலான சிறு மின்கலங்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன. இவ்வரிசைக் கருவிகள் உலகெங்கும் 4 கோடிக்கும் மேல் விற்பனையாகின.

இன்று விளையாட்டுக் கருவிகளில் காணப்படும் சிலுவை வடிவப் பொத்தானும் இவ்வரிசையில் பிறந்ததே. 1982-இல் இரு திரைகளோடு மடித்து மூடும்படி ‘டாங்கி காங்’ கருவி உருவானது. நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி அதில் பொருந்தாது. எனவே யோகோய் நான்கு திசைகளையும் ஒரே தட்டையான பொத்தானில் அடக்கினார். இடக்குறைவே அப்புதுமைக்கு வித்திட்டது.

நெற்று தரும் பயன்

தம் வழிமுறைக்கு யோகோய் ஒரு தொடரை வழங்கினார். ‘வாடிய தொழில்நுட்பத்தைக் கொண்டு பக்கவாட்டில் சிந்தித்தல்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். இங்கு ‘வாடிய’ என்பது பயனற்ற என்னும் பொருளுடையது அன்று. பீர்க்கங்காய் பிஞ்சாக இருக்கும்போது கறிக்கு உதவுகிறது. கொடியிலேயே முற்றிக் காய்ந்தபின் அதன் கூடு உடம்பு தேய்க்கும் நாராகிறது. உள்ளிருக்கும் விதை அடுத்த பருவத்திற்கு ஆகிறது. அதுபோலவே, பல ஆண்டுகள் புழங்கி முற்றிய நுட்பம் மலிவானது, குறைகள் களையப்பெற்றது, இயல்பு நன்கு அறியப்பட்டது. அதனை முன்பு செய்த வேலைக்கே மீண்டும் பயன்படுத்தாமல், வேறொரு வேலைக்குத் திருப்புவதே பக்கவாட்டுச் சிந்தனை. கணிப்பானின் திரை விளையாட்டுத் திரையானது இதற்கு நல்ல சான்று.

நிறமில்லாத் திரையின் வெற்றி

இக்கொள்கைக்குப் பெருஞ்சோதனை 1989-இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று யோகோயின் குழு உருவாக்கிய ‘கேம் பாய்’ ஜப்பானில் 12,500 யென் விலைக்கு வெளிவந்தது. அதன் திரையில் வண்ணங்கள் இல்லை. பசுமை படர்ந்த நான்கு சாயல்களே தெரிந்தன. இருளில் விளையாட இயலாது. அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் ‘கேம் கியர்’ என்னும் கருவியைக் கொணர்ந்தது. அது வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்டது. கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எதனை விரும்பியிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் கடையில் பார்ப்பது வேறு; வாங்கிக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவது வேறு. கேம் கியர் 6 மின்கலங்களை 3 முதல் 5 மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாயோ 4 மின்கலங்களைக் கொண்டு 10 மணி நேரத்திற்கும் மேல் இயங்கும். மீண்டும் மீண்டும் மின்கலம் வாங்கித் தரும் பெற்றோருக்கு இவ்வேறுபாடு நன்றாகவே புரிந்தது. விலைக்குறைவும், கீழே விழுந்தாலும் எளிதில் கெடாத உறுதியும், ‘டெட்ரிஸ்’ போன்ற விளையாட்டுகளும் கேம் பாய்க்குத் துணைநின்றன. கேம் பாயும் அதன் பின் வந்த வண்ணத்திரைக் கேம் பாயும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கும் மேல் விற்பனையாகின.

விந்தையான துணைக்கருவிகள்

எளிய கருவி பரவலாகிவிட்டால், பிறர் அதன்மேல் தம் கற்பனையை ஏற்றிப் பார்ப்பர். கேம் பாய்க்கு வந்த துணைக்கருவிகள் இதனை மெய்ப்பிக்கின்றன.

1998-இல் அதற்கு ஒரு புகைப்படக் கருவி வந்தது. பேழை வடிவிலான அதன் தலையில் சுழலும் வில்லை ஒன்று இருந்தது. வில்லையைத் தம் பக்கம் திருப்பிச் சிறுவர் தம்மைத் தாமே படம் எடுத்தனர். கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட இரண்டு சாம்பல் சாயல்கள் ஆகிய நான்கே கொண்டு 30 படங்களை அதில் சேமிக்கலாம். எடுத்த படத்தைத் தாளில் காண ஓர் அச்சுக்கருவியும் கிடைத்தது. அதற்கு மை தேவையில்லை. கடைகளில் தரும் இரசீதைப் போல, வெப்பம் பட்டால் கருமையாகும் தாளில் அது அச்சிட்டது.

அதே ஆண்டில் பண்டாய் நிறுவனம் மீன் தேடும் கருவி ஒன்றைக் கேம் பாயுடன் இணைத்தது. நீரில் மிதக்கும் உணரி செவிக்கு எட்டாத ஒலியலைகளை அனுப்பும். அவை மீனில் பட்டு மீளும்போது திரையில் அடையாளம் தோன்றும். துணியில் பூவேலை செய்யும் தையல் இயந்திரத்திற்கும் கேம் பாய் கட்டளைக் கருவியானது. விளையாட்டுப் பேழையில் உள்ள வடிவங்களுள் ஒன்றைத் திரையில் தெரிவு செய்தால், ஊசி அதற்கேற்ப நகர்ந்து தைத்தது.

கேம் பாயைச் சாராத விந்தைகளும் உண்டு. 1982-இல் பண்டாய் மின்கலமே வேண்டாத கையடக்க விளையாட்டுகளை வெளியிட்டது. கணிப்பானில் காண்பது போன்ற சூரியத் தகடு அவற்றை இயக்கியது. 1991-இல் எபோக் நிறுவனம் ‘பார்கோடு பேட்லர்’ என்னும் கருவியைத் தந்தது. பொருள்களின் உறைமீதுள்ள பட்டைக் கோடுகளை அதில் இழுத்தால், அக்கோடுகளின் எண்கள் ஒரு போர்வீரனின் வலிமையாக மாறும். வீட்டு அலமாரியில் இருந்த உணவுப் பொட்டலங்களெல்லாம் ஒரே நாளில் விளையாட்டுப் பொருள்களாயின.

2003-இல் கொனாமி நிறுவனத்தின் ஹிடியோ கோஜிமா உருவாக்கிய ‘போக்குரா நோ தையோ’ விளையாட்டின் பேழையில் வெயிலை அறியும் உணரி இருந்தது. ‘நமது சூரியன்’ என்பது அப்பெயரின் பொருள். இரத்தம் குடிக்கும் பேய்களை வெல்லத் திரையில் உள்ள வீரனுக்கு வெயில் வேண்டும். அதற்காக ஆடுபவர் உண்மையாகவே வெளியே சென்று வெயிலில் நிற்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டுக் கருவியோடு அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள் என்று வருந்திய பெற்றோருக்கு, அக்கருவியே விடையளித்தது எனலாம்.

சறுக்கலும் மீட்சியும்

எளிய நுட்பம் எப்போதும் வெல்லும் என்று எண்ணிவிடலாகாது. 1995 ஜூலையில் யோகோயின் ‘விர்ச்சுவல் பாய்’ வெளிவந்தது. கண்களை வைத்துப் பார்க்கும் அக்கருவி முப்பரிமாணக் காட்சி தந்தது. விலையும் மின்செலவும் குறைய வேண்டும் என்பதற்காக அதில் செந்நிற ஒளி உமிழிகள் மட்டுமே பயன்பட்டன. காட்சி முழுவதும் கருமையிலும் சிவப்பிலும் அமைந்தது. கண் சோர்ந்தது, தலை வலித்தது. கையடக்கமாகவும் இல்லை, மேசைமீது நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஓராண்டிற்குள் அதன் விற்பனை நின்றது. எளிய பொருளைத் தெரிந்தெடுத்தால் மட்டும் போதாது. அதனைக் கையாளும் மனிதரின் கண்ணுக்கும் கைக்கும் அது இசைய வேண்டும் என்பது அத்தோல்வி தந்த பாடம்.

1996-இல் நின்டெண்டோவிலிருந்து விலகிய யோகோய் தமக்கென ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, பண்டாய்க்காகப் புதிய கையடக்கக் கருவியை வடிவமைப்பதில் ஈடுபட்டார். அது முழுமை பெறுவதை அவர் காணவில்லை. 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் தம் 56-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

1999 மார்ச்சில் ‘வொண்டர்ஸ்வான்’ என்னும் பெயரில் அக்கருவி வெளிவந்தது. விலை 4,800 யென். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பிடித்து விளையாடும்படி அதன் பொத்தான்கள் அமைந்திருந்தன. அது இயங்குவதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு மின்கலம். 6 மின்கலங்கள் 5 மணி நேரத்தில் தீர்ந்த கருவியை மேலே கண்டோம். அதனோடு ஒப்பிட்டால், ஒற்றை மின்கலத்தில் 30 மணி நேர அளவிற்கு இயங்கிய இக்கருவியின் அருமை விளங்கும். அதற்கென வெளிவந்த புதிர் விளையாட்டு ஒன்றிற்கு ‘குன்பேய்’ எனப் பெயரிட்டு அவர் நினைவைப் போற்றினர்.

நிறைவாக

இக்கருவிகள் பலவும் இன்று மௌனமாகி வருகின்றன. விளையாட்டை நினைவில் வைக்கும் சிறு மின்கலம் பேழைக்குள் ஓய்ந்துபோகிறது. வெப்பத் தாளில் அச்சிட்ட படங்கள் வெளுக்கின்றன. கேம் கியருக்குத் தொலைக்காட்சி காட்டும் துணைக்கருவி ஒன்று இருந்தது. ஜப்பானில் பழைய முறை ஒளிபரப்பு 2012-ஆம் ஆண்டிற்குள் முற்றிலும் நின்றுவிட்டதால், அக்கருவி பழுதின்றி இருந்தாலும் அங்கு அதற்குக் காண ஒளிபரப்பு இல்லை. பொருள்கள் பழையனவாவதை எவராலும் தடுக்க இயலாது. ஆனால் பழையதாகிவிட்ட ஒன்றைக் கையிலெடுத்து, ‘இது வேறு எதற்கு உதவும்?’ என்று கேட்பது நம்மால் இயலும். சீட்டு இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்த ஓர் இளைஞர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி அதுவே.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கணிப்பான் போட்டி யோகோய்க்கு எவ்வாறு உதவியது?
2. சிலுவை வடிவப் பொத்தான் தோன்றக் காரணம் யாது?
3. ‘நமது சூரியன்’ விளையாட்டை ஆடுபவர் வெளியே செல்ல வேண்டியது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
நெடுந்தூரம், செந்நிறம், கையடக்கம்

இ. விரிவாக விடை தருக.
கேம் பாயின் வெற்றியையும் விர்ச்சுவல் பாயின் தோல்வியையும் ஒப்பிட்டு, இரண்டிற்குமான காரணங்களை விளக்குக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது முன்பு செய்த வேலையை எழுதி, இனி அதனைச் செய்விக்கக்கூடிய வேறு இரண்டு வேலைகளைப் பத்து வரிகளில் விளக்குங்கள்.