கம்பி வந்தது; தார் ஏற்ற வண்டி எங்கே?

கிராமத்திற்கு இணைய வசதி வந்துவிட்டால் அங்கே வாணிபம் தானே பெருகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம், நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி வழியே இணைப்புத் தர முனைந்தது. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் வணிகர்களாகிய நாம் வரவைப் பார்ப்பதுபோல் வரம்பையும் பார்க்க வேண்டும்.

2001-ல் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி. முதலான நிறுவனங்கள் கிராம இணைய மையங்களைத் தொடங்கின. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறிச் சென்றதும் அரசுச் சேவைகள் தளர்ந்தன. வருமானம் செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன.

வென்ற கதையும் உண்டு. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடலோரத்தில் செல்போன் பரவியபோது மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. மீன் விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது என ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007-ல் எழுதினார். காரணம் எளிது. விலை தெரிந்தவுடன் நல்ல விலை கிடைக்கும் கரைக்குத் திருப்ப மீனவர் கையில் படகு இருந்தது.

தொட்டியத்திலோ ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவளர்சோலையிலோ தார் வெட்டும் விவசாயிக்கு அந்தப் படகு இல்லை. காந்தி மார்க்கெட் விலையையும் சென்னை விலையையும் அவர் கைப்பேசியிலேயே அறியலாம். ஆனால் இருபது தாருக்குத் தனி லாரி கட்டுபடியாகாது. பச்சைக் காயை நிறுத்தி வைக்க 13 டிகிரி அளவில் குளிர்பதனம் வேண்டும். முன்பணம் வாங்கிய மண்டியை விட்டு வேறு மண்டிக்குச் செல்லவும் இயலாது. முன்பணம் தவறல்ல; சாகுபடிக்குக் கைகொடுப்பது அதுவே. ஆயினும் கடன் இருக்கும்வரை விலைச் செய்தி வெறும் செய்திதான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அதே இணைப்பு வழியே பெருநிறுவனங்களின் சரக்கு கிராமத்து வாசலுக்கே வருகிறது. அந்த ஊர் மளிகைக் கடையில் விற்பனை குறைந்தால், அதற்குச் சரக்கு கொடுக்கும் நம் மொத்தக் கடையிலும் குறையும். கிராமத்தில் விளைந்தது விலை போனால்தான் அங்கே கடை நடக்கும்.

எனவே இணைப்போடு கூட்டு லாரி, பொதுக் குளிர்பதனக் கிடங்கு, நியாயமான வட்டியில் வங்கிக் கடன் ஆகியவற்றையும் சேர்த்தே அரசிடம் கேட்போம். கூட்டு லாரியை மட்டுமாவது மண்டிக்காரர்கள் சேர்ந்து நாமே தொடங்கலாம்.