தறியும் தூளியும் – 9: கயிறு இழுத்த பிள்ளை

சென்ற வாரம் தெருவில் பாவு நீட்டுகிறவர்களோடு வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தோம்; தொடர்ந்து வாசித்து வரும் அன்பர்களுக்கு அதற்குமேல் ஞாபகமூட்ட வேண்டியதில்லை. ஆரணி வட்டாரத்து நெசவாளர் வீட்டுக் குழந்தைகள் கழிவு நூலையும் உடைந்த தார்க்குச்சிகளையும் கொண்டு தாங்களே செய்துகொள்ளும் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கு முன்பாக, தறியின் வலப்பக்கத்தில் துணையாள் உட்காரும் அந்தச் சிறிய இடத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு மேலே போகலாம் என்று தொடங்கியபோது, அந்த இடத்தின் சரித்திரம் ஆரணியிலிருந்து பிரான்ஸ் தேசத்து லியோன் நகரம் வரைக்கும், அங்கிருந்து இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி வரைக்கும் நீண்டு செல்வதைக் கண்டு, அதைச் சொல்லாமல் வேறெதையும் சொல்ல மனம் இசையவில்லை.

அந்த இடம் எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பட்டுப் புடவையில் உடல் மாம்பழ மஞ்சளும் கரை அரக்குமாக, ஒன்றின் சாயல் மற்றொன்றில் சிறிதும் கலவாமல் நிற்க வேண்டுமானால், பாவு நூல் தனித்தனி நிறமாக இருந்தால் மட்டும் போதாது. குறுக்கே ஓடும் ஊடை நூலும் உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று தனித்தனியாகவே ஓட வேண்டும். இதைத்தான் கோர்வை என்கிறார்கள். இருபுறமும் கரை வைத்த புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். இடப்பக்கத்துக் கரை நாடாவையும் நடுவில் ஓடும் உடல் நாடாவையும் நெசவாளி எறிந்து கொள்ள, வலப்பக்கத்துக் கரை நாடாவை எறிவதற்கு அங்கே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கிற கோட்டில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். ஒருமுறை அது தப்பினாலும் அந்தக் கோட்டில் சிறு பிளவு விழுந்து, கடையில் புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு புடவையின் முழு நீளத்துக்கும், ஒவ்வோர் ஊடைக்கும், இந்தக் காரியம் தவறாமல் நடக்க வேண்டும்.

ஆரணியை அடுத்த சேவூர்ப் பக்கத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் அந்த வலப்பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தவள் நெசவாளியின் மனைவி. அவளுக்குப் பின்னால் உத்தரத்திலிருந்து பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளி ஒன்று தொங்கியது. அதிலிருந்து ஒரு கயிறு அவள் இடப்பக்கமாக வந்து கிடந்தது. வலக்கையால் கரை நாடாவை அவள் செலுத்தி எடுக்கிறாள். கணவர் உடல் நாடாவை எறிகிறார். அச்சு வந்து மோதுகிறது. அந்த மோதலுக்கும் அடுத்த மிதிக்கும் நடுவே இருக்கிற அற்ப அவகாசத்தில் அவளுடைய இடக்கை கயிற்றை ஒருமுறை இழுத்து விடுகிறது. நாடா, அச்சு, தூளி என்று மூன்றும் ஒரே தாளத்தில் நடந்தன. அவள் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நான்தான் கண்ணெடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்குகிறது என்று கேட்டேன்.

“தறிச் சத்தத்துலதாங்க ஐயா நல்லாத் தூங்கும். தறி நின்னுதுன்னா முழிச்சிக்கும்” என்றாள்.

கணவர் தலையைத் திருப்பாமலே, “அந்த எடத்துல எட்டு வயசுல எங்கப்பாவுக்கு நான் ஒக்காந்தேன் ஐயா. அத்தோட பள்ளிக்கூடம் போச்சு” என்றார்.

அந்த வீட்டில் அதற்குமேல் இதைப் பற்றிப் பேச்சு இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியந்தான் என்னை லியோனுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பட்டுத் தலைநகரமாக விளங்கிய லியோனில், பூவும் கொடியும் பறவையுமாகச் சித்திரம் தீட்டியது போன்ற பட்டுகளை நெய்த தறிகளில், நெசவாளி ஒருவரால் மட்டும் காரியம் நடவாது. எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழைகள் மேலே தூக்கப்பட வேண்டுமோ அந்த இழைகளோடு பிணைத்த கயிறுகளைக் கட்டுக்கட்டாகத் தேர்ந்தெடுத்து இழுப்பதற்கென்று தறியின் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இழுப்பதோடு வேலை முடிந்துவிடாது. கயிறுகளோடு சேர்ந்து தொங்கும் ஈயக் கனங்களையும் நெசவாளி நாடாவை எறிந்து முடிக்கிற வரைக்கும் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலும் சிறுவர் சிறுமியரும் ஏழை வீட்டுப் பெண்களுமே இதற்கு அமர்த்தப்பட்டார்கள். காசியின் பழைய ஜாலாத் தறிகளிலும் இப்படிக் கயிறு இழுக்க ஒரு பிள்ளை இருந்தது. காஞ்சிபுரத்தில் அடை என்று வழங்கிய பழைய முறையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். புட்டா இன்ன இடத்தில் மலர வேண்டும் என்ற கணக்கு நெசவாளியின் மூளையில் இருந்தது. அதை இழுத்துக் காட்டும் பலம் குழந்தையின் தோளில் இருந்தது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட வேண்டும். 1751 டிசம்பர் 3-ஆம் தேதி ஆரணியில் ஒரு யுத்தம் நடந்தது. ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்டு வந்த இருபத்தாறு வயது ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் சேனையையும் அதற்குத் துணையாக வந்த பிரெஞ்சுக்காரர்களையும் இந்த ஊரின் வெளியில் முறியடித்தான். நம் பள்ளிப் புத்தகங்களில் ஆரணி என்ற பெயர் எட்டிப் பார்க்கிற சந்தர்ப்பம் அநேகமாக இது ஒன்றுதான். அதிலும் ஊர் ஒரு போர்க்களமாக வருகிறதே தவிர, ஜனங்கள் வாழ்ந்து, நெய்து, பிள்ளை பெற்று வளர்த்த இடமாக வருவதில்லை. அந்த யுத்தம் முடிந்து ஏழு மாதம் கழித்து, 1752 ஜூலை 7-ஆம் தேதி, தோற்றுப்போன பிரெஞ்சுக்காரர்களின் தேசத்தில், லியோன் நகரத்துத் தறிக்காரர் ஒருவர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜோசப் மரி ஜக்கார்டு என்பது அதன் பெயர். ஆரணியில் இன்று தறிக்கு மேலே பெட்டி ஏற்றி நெய்கிற ஒவ்வொரு நெசவாளியும் தினந்தோறும் உச்சரிக்கிற பெயர் அது. பிரெஞ்சுச் சேனை ஆரணியில் நிலைக்கவில்லை. அந்தத் தறிக்காரர் மகனின் பெயர் நிலைத்துவிட்டது. இதை உணர்ந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஜக்கார்டு சிறு வயதில் தன் தந்தையின் தறியில் கயிறு இழுத்த பிள்ளை என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தறியில் உட்கார்ந்து தோள் வலித்த ஒரு பிள்ளை, பெரியவனானபின் அந்தக் கயிற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் ஒரு சாதனத்தை உலகத்துக்குக் கொடுத்தான் என்பதில் உள்ள நியாயம் என்னை ஆட்கொள்கிறது. இந்த யோசனை அவருக்கு மட்டும் உதித்ததன்று. துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு இழைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1725-இல் பூஷோன் என்பவரும், காகிதத்துக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்து 1728-இல் பால்கோன் என்பவரும், முழுவதும் தானே இயங்கும் ஒரு தறியை 1745-இல் வோக்கான்சோன் என்பவரும் முயன்று பார்த்திருக்கிறார்கள். பாரிஸில் ஒரு காட்சிச்சாலையில் கவனிப்பாரற்றுக் கிடந்த வோக்கான்சோனின் இயந்திரத்தை ஆராய்ந்து, முன்னோர் மூவரின் உத்திகளையும் ஒன்றுசேர்த்து, நடைமுறைக்கு உகந்த வடிவத்தை 1804-இல் ஜக்கார்டு நிலைநாட்டினார்.

அதன் தத்துவம் மிக எளியது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி நுழைந்துகொள்கிறது. அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி மேலே போய்த் தன் இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படுகிறது. அதன் கொக்கி விலகிக்கொள்ள, இழை கீழேயே தங்கிவிடுகிறது. நெசவாளி மிதியை ஒருமுறை மிதித்தால் ஓர் அட்டை புரள்கிறது. துளை உண்டு, துளை இல்லை என்ற இந்த இரண்டே வார்த்தைகளால் மயிலையும் மாங்காயையும் ருத்திராட்சத்தையும் அன்னத்தையும் சொல்லிவிட முடிகிறது. ஜக்கார்டு இறந்தபின், 1839-இல், லியோனில் அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் படத்தின் பிரதி ஒன்றைத் தம் வீட்டில் வைத்திருந்த ஆங்கிலேய கணித மேதை சார்லஸ் பாபேஜ், தாம் கற்பனை செய்த கணித யந்திரத்துக்கு இதே அட்டைகளைக் கொண்டு கட்டளையிடலாம் என்று கண்டார். 1890-இல் அமெரிக்கக் குடிக்கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டே கணக்கிட்டார்கள். பின்னால் வந்த கணினிகளும் நெடுங்காலம் துளை அட்டைகளையே வாசித்தன. ஆரணியில் இன்று கணினியில் டிசைன் வரைந்து அந்தக் கணக்குப்படி அட்டை குத்திக் கொடுக்கிறார்கள்; பேரப்பிள்ளை பாட்டனாருக்கு ஊழியம் செய்கிற கதைதான்.

சேவூர் வீட்டுத் தறியின் மேலும் ஒரு ஜக்கார்டுப் பெட்டி இருந்தது. அதில் அட்டைகள் புரண்டுகொண்டிருந்தன. கயிறு இழுக்கும் பிள்ளையின் தோளை அந்தப் பெட்டி விடுவித்தது. ஆனால் கோர்வைக்கு உட்காரும் பிள்ளையை அது விடுவிக்கவில்லை. மேலே சித்திரத்தை ஆக்குகிற காரியத்தைப் பெட்டி ஏற்றுக்கொண்டது. கீழே வலப்பக்கத்தில் நாடாவை எறிகிற காரியம் ஒரு மனிதக் கைக்கே மிஞ்சியது. பட்டு நெசவு ஊர்களில் அநேக வீடுகளில் அந்தக் கை வெகுகாலம் எட்டு வயதும் பத்து வயதுமான கையாகவே இருந்தது. சொந்தப் பிள்ளை இல்லாத இடத்தில், பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து வேறொருவர் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அந்த முன்பணம் அடைகிற வரைக்கும் பிள்ளை எழுந்திருக்க முடியாது. இதை நம் கைத்தொழிலின் பெருமையைப் பேசுகிறவர்கள் மறைத்துப் பேசக்கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியைப் பிரேரேபித்தபோது ராட்டையையும் தறியையும் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரச் சொன்னார். 1953-இல் ராஜாஜியின் சென்னை அரசாங்கம் கிராமப் பிள்ளைகளுக்கு ஒருவேளைப் பள்ளி, மறுவேளை பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது; பெரியார் முதலானோர் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தார்கள்; 1954-இல் காமராஜ் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. முன்னதில் தொழில் பிள்ளையைத் தேடி வருகிறது. பின்னதில் பிள்ளை, தான் பிறந்த வீட்டின் தொழிலுக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. நோக்கம் எத்தனை நல்லதாயினும், அந்த வலப்பக்கத்து இடத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை ஜாதகம் போலப் பிறப்பே தீர்மானிக்கிற ஏற்பாடு அது. பிள்ளை தாய்மடியிலிருந்து நாடாவின் ஓட்டத்தைப் பார்த்துப் பழகுவது ஒன்று. அந்த நாடா பிள்ளையின் கைக்குக் காத்திருப்பது முற்றிலும் வேறொன்று.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016-இல் அதற்குத் திருத்தம். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்று அந்தத் திருத்தம் விதித்தது. பள்ளி நேரம் போக மிகுந்த வேளையில் குடும்பத் தொழிலுக்கு உதவுவதை விலக்காக விட்டுவைத்தது. அந்த விலக்கு எவ்வளவு அகலமானது என்பதைத் தறி உள்ள வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சட்டத்தைக் காட்டிலும் பள்ளியில் கிடைக்கிற மதிய உணவு அதிகம் செய்திருக்கிறது என்பது என் எண்ணம். காமராஜ் காலத்தில் வேரூன்றி, 1982-இல் சத்துணவாக விரிந்த அந்த ஏற்பாடு, மத்தியானச் சோற்றுக்காக வீட்டிலே தங்க வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகளை விடுவித்தது. சேவூர் வீட்டின் மூத்த பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மாலையில் வந்து ராட்டையில் கொஞ்சம் தார் சுற்றுகிறாள். கோர்வைக்கு உட்காருவதில்லை, தகப்பனார் உட்கார விடுவதில்லை.

ஆகவே அந்த இடத்தில் தாய் உட்கார்ந்தாள். அங்கேதான் என் கேள்வி நிற்கிறது. கூலி ஒரு புடவைக்கு இத்தனை என்று ஒரே தொகையாக வருகிறது. பாவு பிணைப்பதும், தார் சுற்றுவதும், வலப்பக்கத்தில் இருந்து நாடா எறிவதும் அந்தத் தொகைக்குள் கரைந்துவிடுகின்றன. 2019-20-இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி தேசத்தில் உள்ள கைத்தறித் தொழிலாளர் 35 லட்சம் பேருக்கு மேல். நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். பட்டுத் தறியிலோ இன்றும் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் கணவர் பெயர்தான். துணையாள் இல்லாமல் ஒருவரே கோர்வை நெய்யும்படியான உத்திகள் இல்லாமலில்லை. அவை பரவினால் அவளுக்கு ஓய்வு கிடைக்குமா, அல்லது வேறொரு தறிக்குழியில் அவள் இறங்க நேருமா என்று அவளையே கேட்டேன்.

“தனித் தறி இருந்தா என் பேர்ல சங்கத்துல எழுதிக்குவேன்” என்றாள் உடனே. யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. முன்னமே யோசித்து வைத்திருந்த பதில்.

ஆரணியில் நெய்த புடவை வேறோர் ஊரின் பெயரில் விற்கப்படுவதைப் பற்றி இந்த ஊரார் நெடுங்காலமாகக் குறைபட்டுக்கொள்கிறார்கள்; ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றதும் அந்தக் குறையின் பொருட்டே. அந்த நியாயம் ஊருக்கு உண்டென்றால், வீட்டுக்குள்ளும் அதே நியாயம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களாவது கோர்வைப் புடவைக்குக் கூலி போடும்போது இரண்டு பெயர்களை எழுதி, இரண்டாவது கைக்கு உரியதை அந்தப் பெயரிலேயே பற்று வைக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, பேரேட்டில் இன்னொரு வரி போதும்.

விளையாட்டுச் சாமான்கள் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. தேய்ந்து கழித்த ஜக்கார்டு அட்டைகளை இந்த ஊர்ப் பிள்ளைகள் என்னென்ன செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தார்க்குச்சித் தேரும், கழிவுப் பட்டைச் சுற்றிய பொம்மையும் அதன்பின் வரும்.